டைவரின் வலது கால் பூட்ஸ்

வரதன் சாமி போய்விட்டார். காலையில் லாட்ஜ் குரூப்பில் ஒரே வரி... படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திருச்சானூரில் நான் ரிசப்ஷனில் வேலை பார்த்த லாட்ஜுக்கு அவர்தான் மேனேஜர். பன்னிரண்டு வருஷம் ஒரே கவுன்ட்டர். திட்டுவார், திட்டி முடித்த கையோடு காபி சொல்வார்.

ரூமில் கெஸ்ட் விட்டுப்போன சாமான் எல்லாம் அவரிடம்தான் வரும். சார்ஜர், மூக்குக் கண்ணாடி, ஒருமுறை பல்செட். அப்படித்தான் ஒரு வெளிநாட்டுக்காரர் காலி செய்த ரூமில் அந்தப் பொம்மை கிடைத்தது. ஒரு அடி உயரம். ஆழ்கடல் டைவர்.

சாமி மெயில் போட்டுக் கேட்டார். எங்கள் வீட்டில் அதை யாரும் சீண்டுவதில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

பழைய ஆக்‌ஷன் பொம்மைகள் சேர்க்கிறவர்களின் குரூப் ஒன்றில் நான் இருந்தேன். அங்கே சோல்ஜர் பொம்மைக்குத்தான் அடிதடி. டைவரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். சாமியிடம் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சண்டை போடறவனுக்குத்தான் பேரு. இவன் பாவம், டூட்டிக்குப் போறவன்யா."

உண்மையிலேயே அருமையான வேலைப்பாடு அது. தாமிர நிற ஹெல்மெட், அதில் திறந்து மூடுகிற குட்டி ஜன்னல். மூச்சுக்கு ஒரு ரப்பர் ட்யூப். பெல்ட்டில் உறை, உறைக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கத்தி. கடலடியில் மிதக்காமல் நிற்பதற்கு, கையில் எடுத்தால் கனம் தெரிகிற பூட்ஸ் இரண்டு.

அந்த நவராத்திரிக்கு அவர் வீட்டுக் கொலுவில் டைவருக்கும் இடம் கிடைத்தது. கீழ்ப்படிக்கு முன்னால் தாம்பாளத்தில் தண்ணீர், சுற்றிலும் மணல்... அதுதான் தாயார் கோயில் குளம். கரையில் இவன்.

பக்கத்து வீட்டு அம்மா, "இது யாரு சாமி புதுசா?" என்றார்.

"பஞ்சமி தீர்த்தத்துக்கு எத்தனை ஜனம் குளத்துல இறங்கறது? கஜ ஈதகாடு ஒருத்தன் வேண்டாமா?" நீச்சலில் கெட்டிக்காரனைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வோம். சொல்லிவிட்டு ஹெல்மெட், கத்தி, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். அந்த அம்மா சுண்டலை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆசை. இவனைப் பற்றி குரூப்பில் நாலு பேர் பேசும்படி ஒரு போட்டோ போட வேண்டும். எங்கள் ஊர் பிச்சாட்டூர், டேம் இருக்கிறது, நிஜத் தண்ணீரிலேயே எடுக்கலாம். கொலு முடிந்ததும் கேட்டேன், பெட்டியோடு கொடுத்துவிட்டார்.

கரையோரம் தண்ணீரில் நிற்க வைத்தேன். போட்டோ பிரமாதமாக வந்தது. தூக்கினேன்... வலது கால் வெறுங்காலாக வந்தது.

இருட்டும் வரை சேற்றைத் துழாவினேன். அப்பா கரையில் நின்று, "இன்னாடா தேடிகினு கீற?" என்றார்.

"ஒண்ணுமில்ல நைனா. வண்டி சாவி."

மறுநாள் பெட்டியை மூடியபடியே சாமியிடம் நீட்டினேன். "ஒரு தபா தொறந்து பாத்துக்குங்க சாமி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"நீ கொண்டுவந்தா நான் எதுக்குப் பாக்கணும்?" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அன்று மாலையே அது அவர் வீட்டுப் பரணுக்குப் போய்விட்டது.

அடுத்த கொலுவுக்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் ஒரு பூட்ஸ் இல்லாதது அவருக்குத் தெரிந்தது. நடுவில் அவர் மனைவி, மாமி, பரணை ஒழித்துப் பெருக்கியிருந்தார். பழி அங்கே போய் விழுந்தது.

"உன் துடைப்பத்துக்குக் கண்ணே கிடையாது" என்று சாமி என் முன்னாலேயே மாமியைக் கடிந்துகொண்டார். மாமி முகம் வாடிப் போனது. பீரோவுக்கு அடியில், கொல்லையில், குப்பைக் கூடையில் எல்லாம் தேடினார். நானும் கூடச் சேர்ந்து கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினேன். அந்த அளவுக்கு யோக்கியன் நான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் டைவரின் வலது காலை மணலுக்குள் புதைத்துத்தான் நிறுத்தினார். யாராவது கேட்டால், "அந்தப் பூட்ஸை எங்காத்துத் துடைப்பம் போட்டுண்டு போயிடுத்து" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மாமியும் சிரிப்பார். நானும்...

இன்று அங்கே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சாமி. சின்னதாகிவிட்டிருந்தார்.

மாமி என்னைப் பார்த்ததும் கிட்டே கூப்பிட்டார். "முனிரத்னம், அந்தப் பொம்மையை நீ எடுத்துண்டு போயிடு. அவருக்கப்புறம் அதோட அருமை தெரிஞ்சவன் நீதான். முழுசாக் குடுக்க முடியல, மன்னிச்சுக்கோ. ஒரு பூட்ஸை நான் தொலைச்சுட்டேன்."

சுற்றிலும் சொந்தக்காரர்கள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்து, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

மாலதி, சாமியின் மகளான நீ என் ப்ரெண்ட்ஸ் லிஸ்டில் இருக்கிறாய். காரியமெல்லாம் முடிந்ததும் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. என்ன திட்டினாலும் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அம்மா எதையும் தொலைக்கவில்லை.

போய் வாங்க சாமி. உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்...