இன்னைக்கு யாருக்கு முடியல?

மாரிகுப்பத்தில் வண்டி கிளம்புவதற்கு முன்பே பவித்ராவிடமிருந்து குரல் செய்தி வந்துவிட்டது. அவள் எப்போதும் எழுத்தில்தான் அனுப்புவாள். அதனாலேயே அதைத் திறக்கப் பயந்து, மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோரமண்டல் தாண்டி, தங்கச் சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேடு ஜன்னலை அடைத்துக்கொண்டு வந்தபோதுதான் போனைக் காதில் வைத்தேன்.

"புக்கு அக்கா, கௌதமி அக்கா போயிட்டாங்க. விடிகாத்தால. வண்டியில கீறீங்களா? தனியா வெச்சிக்காதீங்க, பக்கத்துல யார்கிட்டயாச்சும் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. எதிரில், பக்கத்தில், வாசலருகே எல்லாம் அவரை அறிந்த பெண்கள் இருந்தார்கள். பங்காருபேட்டை வருவதற்குள் ஒவ்வொரு போனாக ஒலித்து, ஒவ்வொரு முகமாக மாறியது. எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்கும் தெரியும் என்பதை ஒப்புக்கொண்டேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாத ஓரிருவர் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். கௌதமி அக்கா மைசூர் மைன்ஸில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர். மாலூருக்கு அப்பால் கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு வேலை பழக்கினார். அதே இடத்தில் தரச் சோதனைப் பிரிவில் நான் இருக்கிறேன். கணவர் போன பிறகு அக்காவின் சம்பளத்தில்தான் வீடும் மகளின் நர்சிங் படிப்பும் நடந்தன. மனசுக்குள் ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே மனிதர் மேலே வரலாம் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கள் சிநேகிதமே அந்தச் சண்டைதான்.

"இன்னா புக்கு, இன்னைக்கி இன்னா சொல்லுது உன் புக்கு?" என்று பெண்கள் பெட்டியில் ஏறியதும் ஆரம்பிப்பார். நான் எப்போதும் படித்துக்கொண்டிருப்பதால் அவர் வைத்த பெயர் அது; பிறகு பெட்டிக்கே அதுதான் என் பெயர் ஆயிற்று.

"தனக்குத்தானே நல்லது சொல்லிக்கிறது சில பேருக்கு உதவுமாம் அக்கா. சில பேரை இன்னும் கீழ தள்ளுமாம்."

"யாருக்கு உதவும், யாரைத் தள்ளும்?"

"அது போடல."

"அப்ப இன்னாத்துக்குடி அத்தினி பக்கம்?"

பெட்டி முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி என்று எனக்கு அப்போதே தெரியும்.

அவருடைய சொந்த வாக்கியம் எப்படி வந்தது என்பதை ஒரு முறைதான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்தபோது சுற்றிலும் அவர் வயதில் பாதிப் பெண்கள். அவர் விரல்களோ நடுங்கின. வயர் நழுவிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், அப்புறம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "என்னால முடியும், என்னால முடியும்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். சொல்லும்போதே உள்ளே ஒருத்தி "எங்க முடியுது?" என்று கேட்டாளாம். அப்போது சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரத்தில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்திருக்கிறது. பஞ்சசீலத்தின் ஐந்து உறுதிமொழிகளையும் சொல்லிவிட்டு வெளியே வந்த அந்தச் சிறுமி, "பொய் சொல்லமாட்டேன்னு உள்ள சொல்லிட்டு வெளிய வந்து சொல்றோமே, அது பொய்யில்லையாப்பா?" என்று அப்பாவைக் கேட்டிருக்கிறாள். அப்பா சொன்னாராம்: "மாட்டேன்னு எங்க சொன்ன? பழகிக்கிறேன்னுதானே சொன்ன."

அந்த வாரம் முழுக்க அவர் சொன்ன வார்த்தை, "என் கை பழகிக்கினு கீது." உள்ளே இருந்தவளால் அதை மறுக்க முடியவில்லை. நடுங்கினாலும் பழகிக்கொண்டுதானே இருந்தது. வேலை நிலைத்தது.

பின்னால் அவரே பழக்குபவராக ஆனபோது அந்த வார்த்தையைப் புதுப் பெண்களுக்கும் கொடுத்தார். மேலாளருக்கு அது பிடித்துப்போய், தினமும் ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோரும் கூடிச் சொல்லலாம் என்றார். ஆனால் 'பழகிக்கினு கீது' என்றால் இன்னும் வேலை தெரியாது என்று அர்த்தம் வருமாம். மாற்றிக் கொடுத்தார்கள். "நான் நன்றாக இருக்கிறேன். என்னால் எல்லாம் முடியும். என் கை தவறாது." சுவரில் பெரிய எழுத்தில் அடித்து, பக்கத்தில் அக்காவின் படத்தையும் ஒட்டினார்கள். "என் வார்த்தைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்துட்டாங்க பாரு" என்று ரயிலில் பெருமையோடு காட்டினார். நெஞ்சில் கை வைத்து அவர் முன்னால் சொல்ல, நூற்றுக்கணக்கான பெண்கள் பின்னால் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வெளியிலிருந்து வாடிக்கையாளர்கள் பார்வையிட வந்த ஒரு நாள். பவித்ரா அப்போதுதான் புதிது. வயர் முனையில் உலோக முள்ளைப் பொருத்தி அழுத்தும் பிரஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். காலால் மிதித்தால் பிரஸ் இறங்கும். வயரைப் பிடித்திருக்கும் விரல் அதன் வாய்க்கு மிக அருகில் இருக்கும். என் மேசை அவளுக்கு நேர் எதிரில். காலையிலிருந்தே அவள் கண்கள் சிவந்து, தலை சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. டீ முடிந்ததும் எழுந்து போய் சூப்பர்வைசர் தினேஷிடம், காய்ச்சலாக இருக்கிறது, வேறு வேலை கொடுங்கள் என்றாள்.

தினேஷ் கெட்டவன் இல்லை. எங்கள் ஊர்ப் பையன்தான். அன்றைக்கு எண்ணிக்கை குறைந்துவிடுமோ என்கிற பயம் அவனுக்கு. "இன்னாமா, காத்தால நெஞ்சுல கை வெச்சி நல்லா கீறேன்னு சொன்னது யாரு? உங்க ஆயாவா?" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பவித்ராவும் சிரித்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

நான் எழுந்து போய்க் கௌதமி அக்காவிடம் சொன்னேன். அவர் வந்து அவள் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னாடி, அனலா கொதிக்குது. எழுந்திரு."

"இல்லக்கா, நல்லாத்தான் கீறேன்." அவள் கால் மிதிப்பதை நிறுத்தவில்லை. "நான்தான் நெகட்டிவா நெனச்சிட்டேன். காத்தால மனசு வெச்சி சொல்லல போல. அதான் இப்பிடி."

அக்கா சுவரில் இருந்த எழுத்துகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிரஸ் இறங்கி ஏறியது. அடுத்த வயரை எடுத்தாள். இமைகள் மூடின, கால் பெடலைத் தேடியது. கத்தினால் அவள் திடுக்கிட்டு மிதித்துவிடுவாள். கையைப் பிடித்து இழுத்தாலும் அப்படித்தான். அக்கா சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, தூணில் இருந்த சிவப்பு பட்டனை உள்ளங்கையால் அடித்தார்.

வரிசை முழுவதும் நின்றது. அத்தனை இயந்திரங்களின் இரைச்சலும் ஒன்றாக அறுந்தால் காது வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பவித்ராவின் கால் பெடல் மேல் முழுதாக அழுந்தியிருந்தது. பிரஸ் இறங்காமல் மேலேயே நின்றிருந்தது. விரல்கள் அதன் வாய்க்குள் இருந்தன. எல்லா விரல்களும்.

வாடிக்கையாளர்கள் வந்த நாளில் வரிசையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எதிரில் இருந்து பார்த்தவள் என்பதால் மேலாளர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"கௌதமி அம்மா, கை தவறிப் பட்டுடுச்சுன்னு சொல்லிடுங்க. இதோட முடிச்சுக்கலாம்."

"பட்டுடுச்சி இல்ல சார். அடிச்சேன்."

"அந்தப் பொண்ணே நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்காளே."

"நான் சொல்லச் சொன்னேன், சொன்னா." அக்கா நின்றுகொண்டேதான் பேசினார். "எங்கப்பா மைசூர் மைன்ஸ்ல ஷாஃப்ட் வாயில பெல் அடிக்கிறவரு சார். ஆளுங்க சுரங்கத்துக்குள்ள இறங்குற கேஜ்ல ஏறினதும் கதவைக் கையால இழுத்துப் பார்ப்பாரு. அப்புறம்தான் பெல்லு. நான் இன்னா பண்ணேன்? பெல்லை அடிச்சிட்டு, கதவு சாத்திக்கிச்சின்னு நெனச்சிக்கினேன்."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "நாளைக்குக் காலைல வழக்கம்போல நீங்கதான் சொல்லணும். நானே வந்து நிக்கறேன்" என்றார். இல்லாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

அன்று மாலை ரயிலில் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். தியாகல் தாண்டியபோது திரும்பினார். "நாளைக்கி நான் வாய் தொறக்கலன்னா வேலை போவும். தொறந்தா இன்னொருத்தி விரலு போவும். நீயா இருந்தா இன்னா பண்ணுவ புக்கு?"

என் கை தானாகப் புத்தகத்தைத் திறந்தது.

"உன் புக்குலயும் போட்ருக்காது." இந்த முறை பெட்டியில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, சுவரில் இருந்த தன் படத்துக்குக் கீழே போய் நின்றார். மேலாளர் ஓரத்தில், கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார். அக்கா நெஞ்சில் கை வைத்தார். எல்லோரும் வைத்தார்கள். ஆனால் அக்கா வாய் திறக்கவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். அக்கா மெல்லக் கையை எடுத்தார்.

"இன்னைக்கு யாருக்கு முடியல?"

"கௌதமி அம்மா" என்றார் மேலாளர், தாழ்ந்த குரலில்.

"ராத்திரி நான் தூங்கல" என்றார் அக்கா, எங்களைப் பார்த்து. "வலது மணிக்கட்டு வலிக்குது. இன்னைக்கு நான் பிரஸ் பக்கம் போவ மாட்டேன்." சொல்லிவிட்டுத் தன் கையைத் தூக்கினார்.

அந்த ஒற்றைக் கை அப்படியே நின்றது. மகளின் படிப்பு, வாடகை, எல்லாம் அந்தக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். பிறகு கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. நடுவில் ஒன்று. வாசல் பக்கம் இரண்டு. தினேஷே தலையைச் சொறிவதுபோலப் பாதிவரை தூக்கி இறக்கிக்கொண்டான்.

"தூக்கினவங்க உட்கார்ந்து கட்டுற வேலைக்குப் போங்க. மத்தவங்க என்கூட சொல்லுங்க. என் கை பழகிக்கினு கீது."

சொன்னார்கள். தரச் சோதனைப் பிரிவினர் அதில் சேர வேண்டியதில்லை. நாங்கள் தள்ளி நிற்போம். ஆனாலும் என் உதடுகள் அசைந்தன.

வேலை போகவில்லை. பழக்கும் பொறுப்பு போயிற்று, படம் இறங்கியது. அட்டைப்பெட்டி கட்டும் பிரிவுக்கு அனுப்பினார்கள். பழைய மூன்று வாக்கியங்களை யாரோ ஒருவர் குரலில் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். "அந்தக் கொரலுக்கு காய்ச்சலே வராது போல" என்றார் அக்கா. ஆனால் அந்தக் கேள்வி ரயிலேறிவிட்டது. பங்காருபேட்டை தாண்டியதும் யாராவது கேட்பார்கள்: "இன்னைக்கு யாருக்கு முடியல?" கை தூக்கியவளுக்கு உட்கார இடம் கிடைக்கும். அவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. நான் தூக்கியதே இல்லை. எனக்கு எதையும் வெளியில் சொல்லி வழக்கமில்லை. அக்கா அதையும் கவனித்திருந்தார். "உன் கை எப்பவும் புக்கைப் புடிச்சிக்கினே கீது. ஒரு நாள் கீழதான் வையேன்."

பிறகு அவர் வயிற்றில் கட்டி என்றார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "நான் குணமாயிட்டேன்னு தினம் சொல்லுங்க, பாசிட்டிவா இருங்க" என்றார்கள். அவர் மரியாதையாகத் தலையாட்டுவார், சொல்ல மாட்டார். ஆனால் கழிவறைக்குப் போகும் வழியில் இருந்த படிகளில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏறிக்கினு கீறேன், ஏறிக்கினு கீறேன்" என்று முணுமுணுத்தபடி ஏறுவார். ஏறியும் விடுவார். இது மட்டும் எதற்கு அக்கா என்று கேட்டேன்.

"கட்டிக்கு காது கீதா இன்னா? காலுக்கு கீது."

நான் படித்த எந்தப் பக்கத்திலும் இவ்வளவு தெளிவாகப் போட்டிருக்கவில்லை.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்த அன்று அவருக்குப் பேசவே கஷ்டமாக இருந்தது. "நீ கேளு" என்றார். எதை என்று எனக்குப் புரிந்தது. கேட்டேன். மருந்து ஏறும் குழாயோடு அந்தக் கை படுக்கையிலிருந்து எழுந்தது, பழையபடி நேராக. அவர் முகம் அமைதியாக இருந்தது. ஏற முடிந்த படிகளை எல்லாம் ஏறிவிட்டு, ஏற முடியாததை முடியாது என்று சொல்ல அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நீ? அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை அதே வண்டியில் ஏறினோம். பங்காருபேட்டையும் தாண்டியது. இனி யாரும் கேட்கப் போவதில்லை என்று நினைத்தபோது, வாசலருகே கம்பியைப் பிடித்து நின்றிருந்த பவித்ரா கேட்டாள். குரல் பாதியில் உடைந்தது. திரும்பவும் முதலிலிருந்து கேட்டாள்.

"இன்னைக்கு யாருக்கு முடியல?"

கௌதமி அக்காவின் வாக்கியம் உங்களில் பலரிடம் இருக்கிறது. பவித்ராவிடம் பத்து விரல்கள் இருக்கின்றன. எனக்கு அவர் விட்டுப்போனது அந்தக் கேள்விதான், மருத்துவமனையில் பாதியில் நின்ற 'நீ?' என்ற அந்த ஒற்றைச் சொல்லோடு சேர்த்து. புத்தகத்தை மூடிக் கீழே வைத்தேன். கையைத் தூக்கினேன். தோள் உயரத்துக்கு மேல் அது போகவில்லை, நடுங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் எதுவும் கேட்காமல் நகர்ந்து, சாய்ந்துகொள்ள இடம் விட்டார்கள்.

என் கை பழகிக்கொண்டிருக்கிறது, அக்கா.