ஹேரியட்டின் கூடாரத்தில் ஈரம் ஆகாது

கண் விழித்ததும் ஹேரியட் முதலில் தொடுவது தரையை. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி, விரிப்பாகப் பரப்பியிருக்கும் ஊசியிலைக் கிளைகளுக்குள் விரல்களை நுழைத்துப் பார்ப்பாள். ஈரம் தட்டினால் அன்றைக்கு யாருக்கும் நல்ல வார்த்தை கிடையாது. தேநீர்கூட அப்புறம்தான், முதலில் பழைய கிளைகள் வெளியே போக வேண்டும், புதியவை உள்ளே வர வேண்டும். தண்டு அடியில், நுனி மேலே, ஒன்றின் முதுகில் ஒன்று படுக்கிற மாதிரி அவள் அடுக்கி முடித்தால் மெத்தைக் கடைக்காரன் தோற்றான்.

வடகோடிப் பனிநாட்டுச் சிசாசிபி ஊரிலிருந்து குளிர்கால வேட்டைக்கு வரும் க்ரீ பழங்குடிக் குடும்பங்களில் அவள் கூடாரம் பேர்போனது. மற்றவர்கள் கூடாரத்தில் தகர அடுப்பு செக்கச்செவேலென்று பழுத்துக் கிடக்கும்; ஆண்கள் பனியனோடு உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு அதைக் கண்டால் ஆகாது. "வேர்த்துட்டு வெளிய போறவன் தன் குளிரத் தானே முதுகுல கட்டிக்கிட்டுப் போறான்" என்பாள். அடுப்பின் காற்றுக் கதவைக் கொஞ்சம் கூட்டுவதும் குறைப்பதுமாக நாள் முழுக்க அவள் கை அங்கேயே இருக்கும். படுக்கும்முன் கனலின் மேல் ஒரு பச்சை விறகை வைப்பாள். விடியும்வரை சூடு தங்கும். துணிச்சுவரின் அடியில் பனியை அணைத்து மிதித்திருந்தாலும், கூரையோரம் ஒரு கை நுழையும் இடைவெளியை மட்டும் அடைக்க விடமாட்டாள். மூச்சின் ஈரம் போக வழி வேண்டுமாம்.

அடுப்புக்கு மேலே ஒரு கம்பி உண்டு. அதில் கம்பளிக் காலுறை காயலாம், கையுறை காயலாம். மூஸ் மானின் தோலில் தைத்த காலணி மட்டும் அந்தப் பக்கமே வரக் கூடாது. அது மூலையில், எட்ட இருந்து வரும் வெதுவெதுப்பில் மெல்லக் காய வேண்டும். சூடு பட்டால் தோல் சுருங்கிக் கட்டையாகிவிடும். அப்புறம் எந்தக் காலும் நுழையாது. போன வருடம் அவள் தம்பி கிளாரன்ஸ் அவசரத்தில் அதைக் கம்பியில் மாட்டப் போய்க் கரண்டியால் கையில் ஒன்று வாங்கினான். "கண்ணு நோக ஒக்காந்து தச்சதுடா. அடுப்புக்குத் தீனி போடவா தச்சேன்?"

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் கணவன் சாம்சனின் கால்கள். முன்னொரு குளிர்காலத்தில் அவை உறைந்து இரண்டு விரல்கள் போயின. மிச்சத்தில் உணர்ச்சி இல்லை. இன்னொரு தடவை உறைந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியதுதான் என்று ஊரில் நர்ஸ் சொல்லியிருக்கிறாள். பூட்ஸ் போட்டால் விரல் போன இடத்தை அறுக்கிறது. அவனால் போட முடிவது ஹேரியட் தைத்த அந்த ஒரு சோடிதான். ஆகவே தினமும் வேட்டையிலிருந்து திரும்பியதும் அவன் கால்களை நீட்ட, அவள் ஸ்வெட்டரைத் தூக்கி அவற்றை வெறும் வயிற்றில் வைத்துக்கொள்வாள். அவன் காலின் குளிரை அவள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும். "இந்தச் சுகத்துக்குத்தான் நான் வேட்டைக்கே வரேன், கிழவி" என்பான்.

நேற்று மாலை அவன் வேடிக்கை பேசவில்லை. கால் நனையவில்லை என்று கேட்காமலே சொன்னான். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலணியைக் கழற்றினால் உள்ளே பனிக்கட்டி. ஏரியில், பனிக்கு அடியில் தேங்கி நின்ற தண்ணீரில் இறங்கியிருக்கிறான். அங்கேயே தீ மூட்டிக் காலைக் காய வைக்கலாம் என்று கிளாரன்ஸ் கெஞ்சியிருக்கிறான். எதிர்க்கரையில் மூஸ் நிற்கிறது, புகை பட்டால் ஓடிவிடும் என்று இவன் மறுத்துவிட்டான்.

அவள் ஸ்வெட்டரைத் தூக்கிக் கால்களை வயிற்றில் வைத்துக்கொண்டாள். இடது கால் சீக்கிரம் வழிக்கு வந்தது. வலது கால் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. கெட்டில் கொதித்து, அடங்கி, மறுபடி கொதித்த பிறகுதான் வெளுத்த தோலில் நிறம் ஏறியது.

"நாளைக்கு நீ போக வேணாம்."

"அந்த மூஸ் எனக்குத் தன்னைக் காட்டிருக்கு, ஹேரியட். கால் போனப்புறம் இதான் மொத தடவை. போகலன்னா அதுக்கு என்ன மரியாதை?"

"கிளாரன்ஸும்தானே பாத்தான். அவன் போகட்டும்."

"அவன் அதப் பாத்தான். அது பாத்தது என்னை."

விலங்கு தானாகவே தன்னைத் தர வருகிறது என்பதை அவளும் நம்புகிறவள்தான். கறி வந்தால் முதல் துண்டைத் தீக்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவாள். அப்படி வந்ததை வேண்டாமென்று விட்டால் அது மறுபடி அவனிடம் வராது என்பது அவளுக்குத் தெரியும்.

எழுந்துபோய் மூலையில் கிடந்த அவன் காலணிகளை எடுத்தாள். உள்ளே கைவிட்டுத் தையலை ஒருமுறை தடவினாள். பிறகு இரண்டையும் கம்பியில், சரியாக அடுப்புக்கு மேலே மாட்டினாள். கிளாரன்ஸ் போன வருடம் அடி வாங்கிய கையைத் தடவிக்கொண்டான். சாம்சன் பார்த்துக்கொண்டே இருந்தான். எடுக்கக் கையை நீட்டவில்லை. அவள் காய்ந்த விறகாகப் பார்த்து இரண்டை உள்ளே தள்ளி, காற்றுக் கதவை முழுக்கத் திறந்துவிட்டாள்.