நான் ஒடித்து வந்த வேப்பங்கிளை

எங்கள் பக்கத்து வீட்டு லாரி மாமாவிடம் லாரி இல்லை. ஓட்டுவதை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழக்கம்தான் விடவில்லை. காலையில் பல் துலக்கிக்கொண்டே சந்தில் நிற்கும் ஆட்டோக்களின் டயரைக் கட்டையால் தட்டிப் பார்ப்பார். காற்று குறைந்திருந்தால் ஆட்டோக்காரரை எழுப்பிச் சொல்வார். நீலசந்திராவில் எங்கள் சந்துக்குள் எந்த வண்டி பின்னால் நகர்ந்தாலும் சாப்பிடுகிற தட்டை வைத்துவிட்டு ஓடி வந்து வழி சொல்வார். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான். மனைவிக்குப் பதிலாகக் குழாயடியில் வரிசையில் நிற்பார். இரண்டு மகள்களின் காலேஜ் துணிக்கும் அவரே இஸ்திரி போடுவார். "முப்பது வருஷம் இந்த வீட்டுக்கு விருந்தாளியா வந்துட்டுப் போனேன். இப்பதான் குடி வந்திருக்கேன்" என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறாவது ஆள் சித்தி, அம்மாவின் தங்கை. கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தாள். ஓசூரிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு நாற்பது வயது, முதல் மனைவி இறந்துவிட்டாள், சொந்த வீடு இருக்கிறது. சித்திக்கு இருபத்திரண்டு. வேண்டாம் என்று அவள் மூன்று முறை சொன்னாள். நான் எண்ணவில்லை. "இதோட மூணு வாட்டி சொல்லிட்டே, வாய மூடு" என்று அம்மாதான் கணக்குச் சொன்னாள். அப்பா கெட்டவர் இல்லை. வீட்டில் படுக்க இடம் போதவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள், பிடித்திருந்தால் அன்றே பூ வைத்துவிடுவது என்று பேசியிருந்தார்கள்.

சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. சனிக்கிழமை மாமா வீட்டுக்குப் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள். வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். மனசு மாறிவிட்டது என்று அம்மா நிம்மதியானாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிறு காலை அப்பா வாழைப்பழம் வாங்கப் போயிருந்தார். அம்மா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். மாமா என்னைக் கூப்பிட்டு எங்கள் வாசலிலிருந்த சாக்கடைக் கல்லைக் காட்டினார். அதில் பல மாதமாகவே ஒரு விரிசல் உண்டு. நாங்கள் தாண்டிப் போய்விடுவோம்.

"டேய் சின்னவனே, ரோட்டுல லாரி நின்னுபோச்சுன்னா பின்னாடி என்ன போடுவோம், சொல்லு."

"பச்சைக் கிளை, மாமா." பின்னால் வரும் வண்டி தூரத்திலேயே பார்த்து ஒதுங்கட்டும் என்பதற்காக. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"வர்றவங்க இந்தக் கல்லுல கால உட்டுட்டா நம்ம மானம் போயிரும். ஓடு, மாரியம்மன் கோயில்ல வேப்பங்கிளை நாலு ஒடிச்சிட்டு வா."

கோயில் நான்கு தெரு தள்ளி. சந்து முனையிலேயே புங்கமரம் இருக்கிறதே என்றேன்.

"புங்கம் சீக்கிரம் வாடிரும். வேம்புதான். போ, போ."

கத்தி எடுக்க உள்ளே போகத் திரும்பினேன். சித்தி வாசலிலேயே கத்தியோடு நின்றாள். வாங்கிக்கொண்டு ஓடினேன்.

மாமா மூன்று கிளைகளைக் கல்லின் மேல் பரப்பினார். மிஞ்சியதை எங்கள் நிலைப்படியில் செருகினார். லாரிக்கு நிலைப்படி ஏது என்று கேட்க நினைப்பதற்குள் கார் வந்துவிட்டது. முதலில் இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தோடு இரண்டு எட்டு வைத்தார். வாசலைப் பார்த்து நின்றார். பின்னால் அவர் மகள் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள்.

"உள்ள யாருக்காச்சும் அம்மா போட்டிருக்கா?" என்று அந்த அம்மா மாமாவைக் கேட்டார்.

மாமா கைகூப்பினார். "பாத்து வாங்கம்மா. இடம் சரியில்ல" என்றார்.

பொய் இல்லை. கல் உடைந்துதான் இருந்தது. ஆனால் அந்த அம்மா தாம்பாளத்தோடு அப்படியே திரும்பினார். அம்மை கண்ட வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால் ஒரு வார்த்தை பேசாமல், அம்மா கேசரியை இறக்கிவிட்டு வெளியே வருவதற்குள் எல்லோரும் காரில் ஏறிக்கொண்டார்கள். மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. காரின் பின்னால் ஓடி, "வா, வா, வா... லெஃப்ட்டுல ஒடி... வரலாம், வரலாம்... ரைட்டேய்!" என்று டிக்கியைத் தட்டி மெயின் ரோடு வரை அனுப்பிவைத்தார்.

அப்பா வாழைப்பழச் சீப்போடு வந்தபோது காரின் பின்பக்கம் மட்டுமே தெரிந்தது.

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினியே அண்ணே, ரோடு எது, வீட்டு வாசல் எதுன்னு தெரியாது?"

"தப்புதான் தம்பி. பழக்கதோஷம்."

"உன் பொண்ணைப் பாக்க வந்தா வெப்பியா வேப்பிலை?"

மாமா குனிந்து கிளைகளைப் பொறுக்கினார். அப்பா ஓசூருக்கு போன் செய்து, அம்மையெல்லாம் இல்லை என்று விளக்கினார். பார்க்கப் போன அன்று மாரியம்மாவே வாசலில் வந்து நின்றதற்கு மேல் சகுனம் வேண்டுமா என்று கேட்டு போனை வைத்துவிட்டார்கள். கிளை கொண்டு வந்ததற்காக எனக்கு பெல்ட்டடி கிடைத்தது. மாமாவோடு யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு வந்தது. அது நான்கு வருடம் நீடித்தது. அந்த நான்கு வருடமும் அவர் அப்பாவின் சைக்கிள் டயரைத் தட்டிப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அன்று மாலை சித்தி ஒரு கிண்ணம் நிறைய கேசரியை முந்தானையில் மறைத்து மாமா வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் கல்யாணத்தைக் கெடுத்தவருக்குக் கேசரி, சொன்ன வேலையைச் செய்த எனக்கு அடி. கேட்டதற்கு, "சும்னே இருடா" என்று பாதிக் கன்னடத்தில் அதட்டி, என் தலையில் கொட்டிவிட்டுச் சிரித்தாள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பீன்யாவில் லேத் பட்டறை, பிறகு ஊர் ஊராக என்ன கிடைத்ததோ அது. மாமா இறந்ததை அம்மா போனில் சொன்னபோது நான் புனே பக்கம் இருந்தேன், போக முடியவில்லை. போன மாதம் துமகூரு ரோட்டில் நான் தொற்றிக்கொண்டு வந்த லாரி டயர் வெடித்து நின்றது. கிளை ஒடித்து வரும்படி டிரைவர் சொன்னார். வேம்பா என்று கேட்டேன்.

"எது கைக்கு எட்டுதோ அத ஒடிய்யா. வேம்பு தேடிப் போறதுக்கு இதென்ன கோயிலா?" என்றார்.

சாலையோரப் புங்கமரத்தின் கிளையைப் பிடித்து வளைத்தேன். அடி ஏன் விழுந்தது என்று ஒன்பது வயதில் யோசித்தேன், கேசரி ஏன் போனது என்று யோசித்தேன். நான் கேட்பதற்கு முன்பே சித்தியின் கையில் கத்தி எப்படி வந்தது என்று மட்டும் அப்போது யோசிக்கத் தெரியவில்லை.