பின்சீட்டில் வரும் கார் டிரைவர்

ஒரகடத்தில் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கார் கம்பெனி வாசலில், முதல் ஷிப்ட் விடும் நேரத்துக்கு நான் ஸ்கூட்டரோடு நிற்பேன். உள்ளேயிருந்து அவர் வருவார். அன்றைக்கு லைனை விட்டு இறங்கிய புத்தம் புதுக் கார்களை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய் யார்டில் வரிசையாக நிறுத்துவதுதான் அவர் வேலை. நாள் முழுக்கக் கார் ஓட்டிய மனிதர் சோற்று டப்பாவை வண்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு, எனக்குப் பின்னால் ஏறி உட்காருவார். நான் ஓட்டுவேன். கூட வேலை பார்க்கிறவர்கள் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரவருக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ரூமுக்குப் போய்க் குழம்பு காலியாகும் முன் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் இதே காட்சி நடந்தால் நாங்கள் வீடு போய்ச் சேரும் முன்னே செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். இங்கு வந்து இத்தனை வருடமாகியும், யாரும் பார்க்காமல் போகிறார்களே என்பது எனக்கு இன்னும் அதிசயமாகத்தான் இருக்கிறது.

ஊரில் அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இங்கிருந்து எழுதுகிறேன் என்ற தைரியத்தில் சொல்லிவிடுகிறேன்: கருப்பசாமி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது யாருடைய மொபெட்டையோ வாங்கி ஓட்டி, நேராகக் கருவேல முள்ளுக்குள் போய்ப் படுத்தவர். அன்றோடு இரண்டு சக்கரத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. நாலு சக்கரம் இருந்தால் எதையும் ஓட்டுவார். டிராக்டரில் பழகி, லைசென்ஸ் வாங்கி, அதைக் காட்டித்தான் இந்த வேலைக்கே வந்தார். டிராக்டர், கார், மினி லாரி எல்லாம் சரி. சைக்கிளைக் கொடுத்தால் தள்ளிக்கொண்டு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் கிளம்புவது ஒரு தனி அணிவகுப்பு. மகன் முன்னால் நிற்பான், அப்புறம் நான், எனக்குப் பின்னால் மகள், கடைசியில் அவர். அவர் மடியில் பை, பைக்கு மேலே முருங்கைக்காய். சட்டப்படி தப்புதான், தெரியும். ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஓட்டி வந்த என்னை விட்டுவிட்டு நேராக அவரிடம் போனார்.

"லைசென்ஸ் கீதா?"

இவர் பெருமையாக எடுத்து நீட்டினார். போலீஸ்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், காரு லைசென்ஸே வெச்சிகினு பொம்பளைய ஓட்டவுட்டு பின்னாடி குந்திகினு வர்ற? சரக்கா? ஊது."

பட்டப்பகலில், மடியில் முருங்கைக்காயோடு, என் புருஷன் ஊதினார். ஒன்றுமில்லை என்றதும் போலீஸ்காரருக்கு இன்னும் குழப்பம். குடிக்காத ஆம்பிளை எதற்காகப் பின்னால் உட்கார வேண்டும்? கடைசியில் என் பக்கம் திரும்பி, "நாலு பேரு போவக் கூடாதும்மா" என்றார். "சரி சார், எதை இறக்கிவிட?" என்று கேட்டேன். பிள்ளைகள் இரண்டும் போலீஸ்காரரையே பார்த்தன. "பாத்துப் போ" என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்கார அம்மா தேவகியக்காவும் முதலில் அப்படித்தான். நாங்கள் குடிவந்த புதிதில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சொம்மா சொல்லும்மா, உன் வூட்டுக்காரருக்கு காலுல எதுனா ஆபரேசனா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே கட்டிலில் சாய்ந்துவிட்டார். ஆனால் எனக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அடுத்தவர் முழங்கைக்கும் முழங்காலுக்கும் நடுவே தடுப்பூசிக்குப் போய்வந்த ஒருநாள், நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன். மறுநாளே அவருடைய பழைய ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். "நா புட்ச்சிக்கினு கீறேன், நீ போ" என்றார். நான் தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தால் அக்கா வாசலிலேயே நின்று கடலை தின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்குக் கிடைத்ததை வைத்துத்தான் இந்த ஊரில் நான் ஒரு ஆளானேன். எங்கள் ஊரில் எனக்கு இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்டாட்டி என்ற இரண்டு பட்டம் உண்டு. இங்கே ஸ்கூட்டிக்கா. காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, கேஸ் சிலிண்டரைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வருவது, கன்டெய்னர் லாரிக்கும் ரோட்டோரப் பள்ளத்துக்கும் நடுவில் வழி கண்டுபிடிப்பது எல்லாம் நான்தான். எனக்குப் பிடித்திருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெட்கமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. ஊரிலிருந்து சொந்தக்காரர் யாராவது வந்தால் எங்கள் ஸ்கூட்டர் அன்று காலையே ரிப்பேராகிவிடும். அதைச் சாக்கு மூடிச் சந்தில் நிறுத்துவோம். அவர் ஷேர் ஆட்டோவில் போய் விருந்தாளியைக் கூட்டிவருவார். நான் சேலை கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பேன். விருந்தாளி கிளம்பிப் போனதும் வண்டி தானாகக் குணமாகிவிடும். இப்படிச் செய்வோம் என்று நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. அதுவாக வழக்கமாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் கார் பேச்சு வந்தது. என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், போனில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். "கார் கம்பெனியில வேலைங்க, ஒரு காரு வாங்க வக்கில்லையாடா?" கேட்டுக் கேட்டு இவருக்கும் ஆசை வந்துவிட்டது. தேவகியக்காவின் தம்பி தன் பழைய காரை விற்கப்போவதாகச் சொல்ல, இவர் உடனே தன் அக்காவுக்குப் போன் போட்டு வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மதினி, "அப்பம் நானும் அத்தானும் காரு பாக்க வாரோம்" என்று டிக்கெட்டும் எடுத்துவிட்டார். என்னிடம், "இனிமே நீ வெயில்ல கஷ்டப்பட வேண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கார் வந்தால் அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்காருவேன். ஸ்கூட்டர் சந்துக்குள் நிரந்தரமாக ரிப்பேராகிவிடும். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து நான் சம்பாதித்தது அந்த ஹேண்டில்பார் ஒன்றுதான், அதையும் பிடுங்கப் போகிறார்களே என்று பயந்தேன்.

"ஒரு நா ஓட்டிப் பாரு, புட்ச்சிருந்தா எட்த்துக்கோ" என்று தேவகியக்காவின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கொடுத்தார். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் நரசிம்மரைக் கும்பிட்டு வருவதாக ஏற்பாடு. கிளம்பும் முன் இவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரைத் தட்டினார். ஏறி, இரண்டு தடவை ஹாரன் அடித்தார். யார்டில் அப்படித்தான் அடிக்க வேண்டுமாம். அதன் பிறகு நகர்ந்தது பாருங்கள் வண்டி, மாடு மேய்கிற வேகத்தில். அவர் இத்தனை வருடம் கார் ஓட்டியது உண்மை. அதெல்லாம் மஞ்சள் கோட்டுக்குள், எதிரே ஆள் வராத பாதையில், நடக்கிற வேகத்தில் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலேயே அழுதான். கல்லூரிப் பெண்கள் ஸ்கூட்டரில் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். என் மகள் சும்மா இருப்பாளா? "அப்பா, அம்மான்னா இந்நேரம் சாமி கும்புட்டுத் திரும்பியிருப்பா" என்றாள். ஏசி சில்லென்று அடித்தது. "நல்லா சாஞ்சு உக்காரு" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கைக்கு ஒரு வேலையும் இல்லை. ரேஷன் அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கோவில் பக்கத்தில் நூல் பிடித்தாற்போல் காரை நிறுத்தினார். இறங்கினோம், கும்பிட்டோம், பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தோம். காரைக் காணோம். அவர் சட்டைப் பையைத் தட்டினார், பேன்ட் பையைத் தட்டினார்.

"சாவி எங்க?" என்றேன்.

முகம் வெளுத்துவிட்டது. "வண்டியிலயே விட்டுட்டேன் மாரி."

யார்டில் அதுதான் சட்டம். காரை நிறுத்தினால் சாவி உள்ளேயே இருக்க வேண்டும், அடுத்து எடுக்க வருகிறவன் தேடக்கூடாது. கை பழகிய வேலையை அது கோவில் வாசலிலும் செய்துவிட்டது. அவர் அங்குமிங்கும் ஓடினார். நானும் பதறியது போல நின்றேன். மனதுக்குள், நரசிம்மரே, கொண்டு போனவன் நல்லா இருக்கட்டும், திருப்பிக் கொண்டு வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரவல் கார் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. வேண்டுதலை அவசரமாக வாபஸ் வாங்கினேன்.

பூ விற்கிற அம்மா கூப்பிட்டார். "யோவ், வெள்ள காரா? தண்ணி லாரி வர்ற வழில வுட்டுட்டுப் பூட்டியே. சாவி அதுலயே கீதுன்னு எம் புள்ளதான் அந்தாண்ட நவுத்தி வெச்சான். இன்னா வேலை பாக்குற நீ?"

"கார் கம்பெனியில" என்றார் இவர்.

அந்த அம்மா கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

திரும்பும் வழியில் ஏரிக்கரை டீக்கடையில் நிறுத்தினோம். இந்தத் தடவை சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். பிள்ளைகள் பஜ்ஜிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கிருவோமா?" என்று கேட்டார்.

"எனக்கு வேண்டாம்."

"ஏன், சாவிய விட்டதுக்கா?"

"இல்ல. காரு வந்தா நான் எங்க உக்கார?"

"முன்னாடிதான். மகாராணி கணக்கா."

"மகாராணி வேலை எனக்கு வேண்டாம்ங்க. நான் ஓட்டணும்."

அவர் டீயை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ஒரு ஷிப்ட்டுக்கு எத்தனையோ வண்டி எடுக்கேன் மாரி. எல்லாத்துலயும் பக்கத்து சீட்டுல பாலித்தீன் கவர்தான் உக்கார்ந்திருக்கு. ஒரு நாளாவது நீங்க மூணு பேரும் உக்கார்ந்து வர நான் ஓட்டணும்னு இருந்துச்சு. ஓட்டிட்டேன்லா."

இத்தனை வருடம் என் முதுகுக்குப் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு வந்த ஆளுக்கு இப்படியொரு ஆசை இருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை. ஓட்டுகிற வேலையை அவரிடமே கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனசு வரவில்லை.

"நீயும் கார் படிச்சுக்கோயேன்" என்றார்.

"படிக்கேன். மதினி வந்தா அப்பம் யாரு ஓட்டுவா?"

அவர் எழுந்து டீக்குக் காசு கொடுத்தார். அன்று சாயங்காலம் காரைத் துடைத்து, சாவியைத் தேவகியக்காவின் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். வாங்குகிறாரா இல்லையா என்று நானும் கேட்கவில்லை. வாரம் முழுக்க வீட்டில் பிள்ளைகள் மட்டும்தான் பேசின.

மதினி வருகிற நாள் வந்தது. ராத்திரி ரயிலில் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, மின்சார ரயில் மாறிக் காலையில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வருகிறார்கள். நான் சேலை கட்டி, வழக்கப்படி சாக்கை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை மூடப் போனேன்.

"வண்டிய எடு" என்றார் அவர்.

"மதினி வாராகளே?"

"அதுக்குத்தான் எடுக்கச் சொல்லுதேன்."

பிள்ளைகளைத் தேவகியக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். ஸ்டேஷன் வாசலில் நான் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, முந்தானையைச் சரி செய்து, நல்ல மருமகளாக நின்றேன். மதினி கடலைமிட்டாய்ப் பையோடும், மதினி வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, இரண்டு கட்டைப்பையோடும் வந்தார்கள்.

"காரு எங்கடா?" இதுதான் மதினியின் முதல் பேச்சு.

"வாங்கலக்கா."

"பெறகு எதுல வந்த?"

அவர் பைகளை வாங்கி ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றினார், இருவரையும் உட்கார வைத்தார், எங்கே இறக்க வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னார். "நீ ஏறலையா?" என்று மதினி கேட்கக் கேட்கவே என் ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற வண்டியின் பின்சீட்டில் ஏறி, இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்சீட்டு காலியாக இருந்தது. ஆட்டோ இன்னும் ஆள் சேரட்டும் என்று கிளம்பாமல் உறுமிக்கொண்டிருந்தது. அத்தனை கூட்டத்தில் அவரைப் பார்த்தது ஊரிலிருந்து வந்த அந்த இரண்டு பேர் மட்டும்தான். மதினி தம்பியைப் பார்த்தார், காலி சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் காது சூடாகிவிட்டது. ஆட்டோவில் மதினி பக்கத்தில் ஓரிடம் இருந்தது. போய் ஏறிக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

"ஏறு மாரி" என்றார் அவர், அக்காவுக்குக் கேட்கிற மாதிரி. "ஆட்டோவுக்கு முந்திப் போயிரணும்."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். ஹெல்மெட்டை மாட்டி, ஏறி, ஸ்டாண்டைத் தள்ளினேன். வண்டி நகர்ந்தபோது ஆட்டோவுக்குள்ளிருந்து மதினி கத்தினார்: "ஏ மாரி! எந் தம்பியக் கீழ தள்ளிராத!"

கேலியா கோபமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் குரலைக் கேட்டதும் ஹெல்மெட்டுக்குள் என் தலை ஊர் வழக்கப்படி குனிந்தது. கை ஆக்ஸிலேட்டரை முறுக்கியது.