ராகேலின் அழுகைக்கு அடுத்த வசனம்

1931 டிசம்பர் 26, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றில் நான்கு குடம் நீர் இறைத்து வைத்தேன். ஆபீசுக்கு விடுமுறை. ஏழரைக்குப் பழவங்காடிக் கடைத்தெரு வரை நடந்து, மண்ணெண்ணெயும் ஒரு சீப்பு ரசகதலியும் வாங்கி ஒன்பதுக்குள் திரும்பினேன்.

அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அப்போது நான் மலையாள நாட்டுச் சர்க்கார் ஆபீசில் நகலெடுக்கும் குமாஸ்தா. எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு முன் பெரியவர்களுக்கு வேத வகுப்பு நடத்துவதும் என் பொறுப்பு. நோட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரிப்பேன். இடப்பக்கம் எபிரெயத் தீர்க்கதரிசி சொன்னது. வலப்பக்கம், அது இயேசுவின் வாழ்வில் நிறைவேறியதாகச் சுவிசேஷக்காரர் எழுதியது. சனிக்கிழமைகளில் நான் நோட்டை வாசிக்க, என் மனைவி வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வசனங்களை ஒத்துப் பார்ப்பாள். கல்யாணமான வருஷம் தொடங்கிய பழக்கம். பிழை கண்டுபிடித்துவிட்டால் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். “குமாஸ்தா இன்னைக்கு மாட்டிக்கிட்டாரு” என்பாள்.

அந்த ஆவணியில் எங்கள் ஒரே மகள் காய்ச்சலில் போனாள். ஆறு வயது. அடக்கத்துக்குப் பிறகு மனைவி கோயிலுக்கு வரவில்லை. வசனம் ஒத்துப் பார்க்கவும் உட்காரவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் நான் தனியாகவே போய் வந்தேன். அன்று மத்தியானம் சோறு போடும்போது, “ஞாயித்துக்கிழமை உங்க வகுப்புக்கு மட்டும் வாரேன்” என்றாள். அவள் வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அதன்பின் வேறு நினைப்பு இல்லை.

அந்த ஞாயிறுக்குச் சபை குறித்திருந்த பகுதி, இயேசு பிறந்தபோது ஏரோது ராஜா பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றது. வேறு பகுதி எடுக்கலாமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்துகிற பாடம் என்று மட்டும் பார்த்தேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவளாகவே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வாசித்தேன். பிள்ளைகளுக்காக அழுது, ஆறுதலை ஏற்க மறுத்த ராகேல் என்ற தாயைப் பற்றித் தீர்க்கதரிசி எரேமியா சொன்னது இந்தக் கொலையில் நிறைவேறிற்று என்கிறார் சுவிசேஷக்காரர் மத்தேயு. அவள் எரேமியாவைத் திறந்து பார்த்து, “சரிதான்” என்றாள். நான் நோட்டில் அடையாளமிட்டேன். அவள் புத்தகத்தை மூடவில்லை.

“கேட்டியளா, அடுத்த வசனத்தில கர்த்தர் அழாதேன்னு சொல்லுதாரே. பிள்ளைங்க திரும்பி வருவாங்கன்னும் போட்டிருக்கு. மத்தேயு ஏன் அதை எழுதல்ல?”

“அவருக்கு வேண்டியது அந்த ஒரு வசனம்.”

“நல்ல கதை! பாதிக் கடுதாசியை நகலெடுத்துக் குடுத்தா உங்க ஆபீசில சும்மா விடுவாங்களா?”

சிரித்தாள். ஆவணிக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். நானும் கூடச் சிரித்திருக்க வேண்டும். சிரிக்காமல் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். எரேமியா சொன்ன பிள்ளைகள் பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோகப்பட்டவர்கள். உயிரோடு இருந்தார்கள், அதனால் ஊர் திரும்புவார்கள் என்றார். பெத்லகேமின் குழந்தைகள் திரும்பவில்லை. ஆகவே மத்தேயு அழுகையோடு நிறுத்திக்கொண்டார்.

“அப்ப நம்ம பிள்ளைக்கு?”

அவள் விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது.

“அந்த வசனம் நமக்குச் சொன்னதில்ல” என்றேன்.

“மதி.” போதும் என்பதை அவள் மலையாளத்தில் சொன்னால் மேலே பேச இடமில்லை. புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

நான் சொன்னதில் தவறில்லை. வேறு யார் கேட்டாலும் இன்றும் அதையே சொல்வேன். ஆறு மணிக்கு விளக்கேற்றிப் புத்தகத்தைத் திறந்தபோது, அந்த வசனத்தின் ஓரத்தில் மஞ்சள் விரல் தடங்கள் தெரிந்தன. ஒன்றிரண்டல்ல. சில பழையவை, மங்கியிருந்தன. சமையலுக்கு இடையில் பல நாள் வந்து வாசித்திருக்கிறாள். இந்த ஒன்றை என்னிடம் கேட்கத்தான் அன்று உட்கார்ந்திருக்கிறாள். வகுப்புக்கு வருகிறேன் என்றதும் இதற்காகத்தான் இருக்கும்.

மத்தேயு ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார் என்பதற்கு என் நோட்டில் இல்லாத ஒரு பதில் அப்போது தோன்றியது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அழாதே என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லையோ என்னவோ. இதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனாலும் அவளிடம் சொல்ல உள்ளே போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்த நான்கு மாதத்தில் அவள் என் எதிரில் அழுததில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, சபையை நடத்தும் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர், “மணியடிக்கவே இன்னும் நேரம் கெடக்கு, அதுக்குள்ள என்ன வே அவசரம்?” என்றார்.

“இன்னைக்கு வகுப்பை நீங்க எடுங்க. வீட்டில அவ அழுதுக்கிட்டிருக்கா. நான் கூட இருக்கணும்” என்றேன்.