செம்பனைத் தோட்டத்தில் சிக்காத எலி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் நடந்தது. நான் அப்போது ஜார்ஜ்டவுனில் முதுகலைப் பட்டத்துக்காக எலிகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். விசேஷ வீடுகளில் "மக என்ன படிக்குது?" என்று யாராவது கேட்டால், அம்மா சாம்பாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

கப்பலில் வந்து இறங்கிய எலிகளின் வம்சம் துறைமுகத்திலிருந்து உள்ளே எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதுதான் என் கேள்வி. பார்வைக்குத் துறைமுகத்து எலியும் தோட்டத்து எலியும் ஏறக்குறைய ஒன்றுதான். காதோரம் துளியூண்டு சதை எடுத்து டிஎன்ஏவை ஒப்பிட்டால்தான் எது எதற்குப் பங்காளி, எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்பதெல்லாம் தெரியும்.

கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில், பாமாயில் எடுக்கும் ஒரு சிறு செம்பனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர், தெரிந்தவர் மூலம் கிடைத்தார். சனிக்கிழமை மாலை அவர் என் கூண்டுகளை வைப்பார். ஞாயிறு காலை நான் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறிப் போவேன். மூன்று ஞாயிறும் கூண்டுகள் காலி. "ஆந்தைக்குப் பெட்டி கட்டி வச்சிருக்கோம்லா, அது எல்லாத்தையும் தின்னுருது" என்றார். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். அவர் மனைவி கொண்டுவந்து வைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பி வந்திருக்கிறேன்.

நான்காம் ஞாயிறு மூன்று கூண்டுகளில் எலி.

அவற்றின் டிஎன்ஏ, துறைமுகத்துக் கிளையோடு அப்படியே போய் ஒட்டிக்கொண்டது. கப்பல் எலி செம்பனைக் காடுவரை வந்துவிட்டது என்று யாரும் அதுவரை எங்களுக்குச் சொன்னதில்லை. பேராசிரியர் அடுத்த மாதக் கருத்தரங்கில் என்னையே பேசச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லட்டு வாங்கிக்கொண்டு அந்த அண்ணன் வீட்டுக்குப் போய், கைப்பேசியில் கிளைப் படத்தைக் காட்டி, அவருடைய தோட்டத்து எலிகளின் பெருமையை அளந்தேன்.

அவர் லட்டைத் தொடவில்லை. அவர் மனைவி அவரைப் பார்த்து, "சொல்லிருங்க" என்றார்.

"தங்கச்சி, அது இந்தத் தோட்டத்து எலி இல்ல. துறைமுகத்துப் பக்கம், மாக் மண்டின்ல என் மச்சான் வேலை செய்யிற பட்டறைக்குப் பின்னால புடிச்சது. மூணு வாரமா நீ மூஞ்சி வாடிப் போற. வீடு தேடி வந்த பொண்ண வெறுங்கையோட எப்படிலா அனுப்புறது?"

நான் கத்திவிட்டேன். ஒரு மாத உழைப்பு போச்சு, மானம் போக இருந்தது என்று என்னென்னவோ சொன்னேன். "நீ எலி வேணும்னுதான் கேட்ட. எந்த ஊரு எலிங்கிறது முக்கியம்னு எனக்குத் தெரியாதுமா" என்றார் அவர்.

திரும்பும்போது ஃபெர்ரியில்தான் புத்தி வந்தது. அத்தனை வாரமும் எதற்காக எலி கேட்கிறேன் என்று நான் அவருக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் ஒரு பொய்யை மேடையேறிச் சொல்லியிருப்பேன். அவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. என் முன்னால் தலைகுனிய வேண்டிவரும் என்று தெரிந்தும் சொன்னார்.

கரையிறங்கியதும் பேராசிரியருக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். கூண்டு காலியாக இருந்த நாட்களைக் குறித்து வைத்தாயா என்று கேட்டார். நான் குறிக்கவில்லை. எலி சிக்காததும் ஒரு தகவல்தானே என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் போனேன். முதலில் தேநீரைக் குடித்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, மண்ணில் குச்சியால் கிளை கிளையாக வரைந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த அண்ணன் எனக்கே வாத்தியார் மாதிரி ஆகிவிட்டார். வாய்க்கால் ஓரம் கூண்டை மாற்றினார். ஒவ்வொரு ஞாயிறும் நான் கிளம்புமுன்பே, "இன்னிக்கும் காலி" என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். நானும் மறக்காமல் குறித்துக்கொள்வேன்.

இரண்டு மாதம் கழித்து இரண்டு எலி சிக்கின. அவற்றின் டிஎன்ஏ துறைமுகத்துக் கிளையில் சேரவில்லை. இந்த மண்ணிலேயே வெகுகாலம் இருந்துவரும் வேறொரு கிளை. சொன்னதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப இந்த ஊருக்குக் கப்பல்ல வந்தவங்க நாமதான், எலி இல்ல."

என் ஆய்வேட்டில் அந்தக் காலிக் கூண்டுகளுக்கு ஒரு தனிப் பட்டியல் இருக்கிறது. இன்றைக்கும் யாரிடமாவது உதவி கேட்கப் போனால், எதற்காகக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "இல்லை" என்பதை அவர்கள் பயமில்லாமல் சொல்லும்படி என் முகத்தை வைத்துக்கொள்ளத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.