சென்சாருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு உங்கள் காரைக் கழுவினீர்களா? நானும் கழுவினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்...

பானெட்டைத் திறந்து இன்ஜினைக் குளிப்பாட்டினேன். கண்ணில் பட்ட பாகத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம். ஒயரோடு ஒரு சின்ன பிளக் அழுக்காக இருந்தது. அதை மட்டும் ஒதுக்கலாமா? கழற்றித் துடைத்து, உள்ளேயும் ஒரு பொட்டு வைத்துத் திரும்ப மாட்டினேன். பக்தி என்றால் அப்படியொரு பக்தி!

மாமனாருக்குச் சிதம்பரத்தில் ஹார்டுவேர் கடை. முந்தின நாள் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். ராகு காலத்துக்கு முன் போய் அவர் சூடம் ஏற்றினால்தான் கடையில் பூஜை.

"நான் பஸ்லயே போயிடறேன் மாப்ள" என்றார்.

விடுவேனா? பொட்டு வைத்த கார் வாசலில் நிற்கும்போது மாமனார் பஸ்ஸிலா?

ஆலப்பாக்கம் தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம் எரிந்தது. அழகாகத்தான் இருந்தது. பிறகு வண்டி விக்கியது, இருமியது. புதுச்சத்திரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றே விட்டது. வாழைக்கன்று கட்டிய பஸ் ஒன்று, படிக்கட்டில் ஆள் தொங்க, நிற்காமல் போனது. மாமனார் பஸ்ஸைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

மெக்கானிக் குமார் பொரி தின்றுகொண்டிருந்தார்.

"ஸ்கேனர் மாட்டுனா இன்னா கோளாறுன்னு நம்பர் காட்டிடும் சார். ஆனா அது பூஜையில இருக்கு. நாளைக்கிதான் எடுப்போம்."

"தம்பி, அங்க என் கடையில சாமி காத்துகினு இருக்கு. உன் சாமிகிட்ட கொஞ்சம் கேட்டுப் பாருப்பா" என்றார் மாமனார்.

குமார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஸ்பேனர்களுக்கு நடுவிலிருந்து ஸ்கேனரை எடுத்து வந்தார். காரில் மாட்டினார். திரையில் P010... கடைசி எண்ணைக் காணோம். அதன் மேல் ரூபாய் நாணய அளவுக்குக் குங்குமம்!

"தொடைங்க" என்றேன்.

"பொட்டை அழிக்கச் சொல்றீங்களே சார்... நல்ல நாளும் அதுவுமா!"

மாமனார் வேட்டி நுனியால் ஒரே இழுப்பு. "சாமி கோச்சிக்காது. ராகு காலம்தான் கோச்சிக்கும்."

கடைசி எண் இரண்டு. குமார் தீர்ப்பு சொன்னார்: "இன்ஜினுக்குள்ள எவ்ளோ காத்து போவுதுன்னு சொல்ற சென்சாருங்க. சிக்னல் வரல. புதுசு பாண்டிலேர்ந்து வரணும். இன்னைக்கி எல்லாக் கடையும் லீவு."

நான் தலையாட்டினேன். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, மேல்முறையீடு ஏது? மாமனார் மட்டும் தலையாட்டவில்லை.

"நேத்து நல்லா ஓடுச்சே. ராத்திரிக்குள்ள இன்னா ஆச்சி மாப்ள?"

சொன்னேன். பிளக் விவகாரத்தை மட்டும் கொஞ்சம் மெல்லிய குரலில்.

குமார் பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே சந்தனம் கமகமத்தது. பெட்ரோல் தொட்டுத் துடைத்து, காயவிட்டு மாட்டி, ஸ்கேனரில் அந்த எண்ணை அழித்தார். வண்டி எதுவுமே நடக்காததுபோல் ஓடியது.

ஸ்கேனர் காட்டும் இந்த எண் குழந்தை அழுகிற சத்தம் மாதிரிதான். எந்த அறையில் அழுகிறது என்று சொல்லும். கிள்ளியது யார் என்று சொல்லாது. அதை நாம்தான் விசாரிக்க வேண்டும். நாம் எங்கே விசாரிக்கிறோம்? புரியாத பொருள் கையில் கிடைத்தால் நமக்குத் தெரிந்தது இரண்டே வழி — தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவோம், இல்லையென்றால் கும்பிடுவோம். நான் ஒரே காலையில் இரண்டுக்கும் தயாராக இருந்தேன்!

ராகு காலம் பிறக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் கடைக்குள் ஓடினோம். சூடம் எரிந்தது. மாமனார் முகத்தில் சிரிப்பு வந்தது. நிம்மதியோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, பில் போடும் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தேன்.

கிண்ணம் கையிலிருந்து மெதுவாகப் பறிக்கப்பட்டது.

"நீங்க பொரி சாப்புடுங்க மாப்ள."